சென்னை – பலாலி: 355 கிலோமீட்டர், 41 வருஷம்

ஒரகடத்துல இருந்து மேப்புல நேர் தெற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்க. இடது வலது சாயாம, ஸ்கேல் வெச்ச மாதிரி. செங்கல்பட்டை ஒட்டிப் போய், மரக்காணம் பக்கத்துல கடலுக்குள்ள இறங்கி, கோடியக்கரைக்குக் கொஞ்சம் கிழக்கால நழுவி, அந்தக் கோடு மறுபடி தரை தட்டுற இடம் மாதகல். அதாவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை. இன்னும் கொஞ்சம் கீழே வந்தா வட்டுக்கோட்டை. மொத்தமே 340 கி.மீ. பக்கம்தான். ஸ்ரீபெரும்புதூர் வழியா தினம் லட்சம் வண்டி போற சாலை இருக்கே, சென்னை – பெங்களூர், அதுவும் சுமார் 350 கி.மீ. தான். பெங்களூருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போய்ட்டு திங்கக்கிழமை காலைல ஆணி பிடுங்க வந்துடறோம். அதே தூரத்துல தெற்கால இருக்கிற ஒரு ஊரை "வெளிநாடு, ரொம்ப தூரம்"னு மனசுக்குள்ள ஒரு மூலையில வெச்சிருக்கோம்.

இந்தத் தூரத்தோட கதைதான் இது. தூரம்னா மாறாத விஷயம். பயண நேரம்தான் மாறும். அதுவும் நாம பாடத்துல படிச்ச மாதிரி வருஷம் போகப் போக குறைஞ்சுக்கிட்டே வரணும். மாட்டுவண்டி, ரயில், புரொப்பெல்லர், ஜெட். இந்த ஒரு ரூட்டுல அது தலைகீழா நடந்திருக்கு.

முதல்ல கணக்கு. மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. பலாலி 9.79 வடக்கு, 80.07 கிழக்கு. பைத்தான்ல பத்து வரி எழுதினா (பொட்டி தட்டுறவனுக்கு இது கூட இல்லன்னா எப்படி) பெருவட்ட தூரம் சுமார் 355 கி.மீ. வருது. கடல் மைல்ல 191. பைத்தான் வேண்டாம்னா பேப்பர்லயே போடலாம்: அட்சரேகை ஒரு டிகிரிக்கு 110 கி.மீ. சொச்சம், 3.2 டிகிரி வித்தியாசம், பெருக்கினா முடிஞ்சது. தீர்க்கரேகை வித்தியாசம் பத்து கிலோமீட்டர்தான், அதைக் கண்டுக்கவே வேண்டாம். அவ்வளவு நேர் தெற்கு.

இப்போ வரலாறு.

விமானம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ரெண்டு கரைக்கும் போக்குவரத்து உண்டு. 1857ல ஆரம்பிச்ச சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பட்டதாரிகள் ரெண்டு பேர். சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரங்க, ரெண்டு பேருமே வட்டுக்கோட்டை செமினரியில படிச்சவங்க. (நம்ம ஒரகடம் கோடு போய் இடிக்குதே, அதே வட்டுக்கோட்டை.) தாமோதரம் பிள்ளைதான் பிற்பாடு கலித்தொகையை ஓலைச்சுவடியில இருந்து அச்சுக்குக் கொண்டு வந்தவர். ஆறுமுக நாவலர் நல்லூர்க்காரர், சிதம்பரத்துல பள்ளிக்கூடம் வெச்சார். பிறகு 1914ல பாம்பன் பாலம் வந்ததும் போட் மெயில். எழும்பூர்ல ஏறினா தனுஷ்கோடி, அங்கே கப்பல், அந்தப்பக்கம் தலைமன்னார்ல மறுபடி ரயில். ஒரே டிக்கெட்ல கொழும்பு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போன கதை எல்லாருக்கும் தெரியும்.

வானத்துல முதல் சங்கதி 1935. கொழும்புக்குப் பக்கத்துல ரத்மலானையில விமானத்தளம் போட்டாங்க. அதுல முதல் முதலா வந்து இறங்கின விமானம் எங்கேர்ந்து வந்ததுன்னு நினைக்கறீங்க? மெட்ராஸ்ல இருந்து! மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்போட பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ 1935 நவம்பர் 27 அன்னிக்கு ஒரு புஸ் மாத் விமானத்தை ஓட்டிக்கிட்டுப் போய் இறக்கினார். 1938ல டாடாவோட தபால் விமானம் திருச்சி வழியா கொழும்பு வரைக்கும் நீண்டது. பலாலி அப்புறம்தான். இரண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் விமானப்படை காங்கேசன்துறைக்குப் பக்கத்துல ஒரு ஓடுதளம் போட்டது. போர் முடிஞ்சதும் அது சும்மா கிடந்தது.

1947 டிசம்பர் 10. இலங்கைக்கு சுதந்திரம் கிடைக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஏர் சிலோன் கம்பெனியோட முதல் விமானம் கிளம்புது. டக்கோட்டான்னு நம்ம ஊர்ல சொல்ற டிசி-3 ரகம். அதுக்கு வெச்ச பேர் "சீதாதேவி". இலங்கைக்காரங்க விமானத்துக்கு சீதாதேவின்னு பேர் வெச்சு, அதை இந்தியாவுக்கு அனுப்பினாங்க பாருங்க, யாரோ ரசனையான ஆள் அந்த ஆபீஸ்ல இருந்திருக்கார். :-)

அந்த முதல் விமானம் போன ரூட்தான் முக்கியம்: ரத்மலானை – காங்கேசன்துறை – மெட்ராஸ். ஒரு நாட்டோட விமானக் கம்பெனி பிறந்த அன்னிக்கே யாழ்ப்பாணம் – சென்னை ரூட்டும் பிறந்திருக்கு. பிறகு சேர்த்தது இல்ல, முதல் நாளே இருந்தது.

டக்கோட்டா சாவகாசமா மணிக்கு 280 கி.மீ. வேகத்துல போகும். 355 கிலோமீட்டருக்கு 76 நிமிஷம். மேலே ஏற, கீழே இறங்க, தரையில உருளன்னு சேர்த்தா ஒன்றரை மணி நேரம்னு வெச்சுக்கலாம். இந்த ஒன்றரையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அதுக்கப்புறம் முப்பது வருஷம் இந்த ரூட் ரொம்ப சாதாரணமான ஒண்ணு. யாழ்ப்பாணத்துல இருந்து படம் பார்க்க மெட்ராஸ் வந்துட்டுப் போவாங்கன்னு அந்தக் காலத்து ஆளுங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, வைத்தியம் பார்க்க, காலேஜ்ல சேர, சிதம்பரம் தரிசனம். இங்கேர்ந்து நாகஸ்வர வித்வான்கள் அந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போனாங்க. அங்கேர்ந்து தவில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இங்கே வந்து நம்ம கச்சேரிகளையே ஒரு கலக்கு கலக்கினார். இதெல்லாம் ஒண்ணும் பெரிய சரித்திர நிகழ்ச்சி இல்ல. அதனாலதான் யாரும் எழுதி வைக்கல. பக்கத்து ஊருக்குப் போறதை யார் டைரியில எழுதுவாங்க?

1978ல நின்னுச்சு. அந்த வருஷம் செப்டம்பர் 7, ரத்மலானையில தரையில நின்ன ஏர் சிலோனோட ஆவ்ரோ விமானம் குண்டு வெச்சுத் தகர்க்கப்பட்டது. இலங்கையில புது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாள். ஏற்கெனவே நஷ்டத்துல தள்ளாடிக்கிட்டிருந்த ஏர் சிலோனை இழுத்து மூடிட்டு 1979ல ஏர் லங்கா ஆரம்பிச்சாங்க. மீனம்பாக்கம் மட்டும் தப்பிச்சதா? 1984 ஆகஸ்ட் 2, கொழும்பு விமானத்துக்குப் போக வேண்டிய பெட்டியில இருந்த குண்டு சென்னை விமான நிலையத்துக்குள்ளேயே வெடிச்சது. முப்பது பேர் அளவுக்கு செத்தாங்க. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலும் அந்த சமயத்துலயே நின்னு போச்சு.

அப்புறம் 1987 ஜூன் 4. இந்தியாவுல இருந்து யாழ்ப்பாணத்துக்கு மறுபடி விமானங்கள் போச்சு. ஆனா இறங்கல. முந்தின நாள் ராமேஸ்வரத்துல இருந்து உணவுப்பொருள் ஏத்திக்கிட்டுப் போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிடுச்சு. அதனால பெங்களூர்ல இருந்து அஞ்சு ஏஎன்-32 விமானங்கள், பாதுகாப்புக்கு மிராஜ் போர் விமானங்கள் சகிதமா போய், ஏறத்தாழ 25 டன் உணவையும் மருந்தையும் பாராசூட்ல போட்டுட்டுத் திரும்பிடுச்சு. ஆபரேஷன் பூமாலை. ரெண்டே மாசத்துல காட்சி மாறி, ஜூலை 29 ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே இந்திய ராணுவம் பலாலியில வந்து இறங்குது. 1987ல இருந்து 90 வரைக்கும் பலாலிக்கு நம்ம ஊர்ல இருந்து போன விமானங்களுக்குக் கணக்கே இல்ல. பயணிகள்தான் இல்ல. போனதெல்லாம் சிப்பாய்கள், வந்ததுல பல பேர் ஸ்ட்ரெச்சர்ல.

இந்தக் கதை எங்கே வந்து முடிச்சுப் போட்டுக்கிட்டதுன்னு ஸ்ரீபெரும்புதூர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. 1991 மே 21. ஷிஃப்ட் பஸ் ஜன்னல்ல இருந்து தினம் பார்க்கிற நினைவிடம்தான். இன்னிக்கு பேட்டைக்கு வேலைக்கு வர்ற பசங்கள்ல பாதிப்பேர் அன்னிக்குப் பிறக்கவே இல்ல. நானும்தான். ஆனா அதுக்கப்புறம் இந்த ரூட்டை மறுபடி திறக்கறதைப் பத்தி இந்தப் பக்கத்துல வாயைத் திறக்கவே ரொம்ப வருஷம் யாருக்கும் தைரியம் வரல.

அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1990ல ஏ9 சாலை அடைபட்டது, யாழ்தேவி ரயில் நின்னது. பலாலியைச் சுத்தி வலிகாமம் வடக்கு கிராமங்கள் காலி பண்ணப்பட்டு "உயர் பாதுகாப்பு வலயம்" ஆச்சு. ஓடுதளத்துக்குப் பக்கத்துல வீடும் தோட்டமும் வெச்சிருந்தவங்க முகாம்லயும் சொந்தக்காரங்க வீட்டுலயும் முப்பது வருஷம் ஓட்டினாங்க. நிலம் இன்னும் முழுசா திரும்பக் கிடைக்கல. (நம்ம பக்கத்துல பரந்தூர் விமான நிலையத்தை 2022 ஆகஸ்டுல அறிவிச்சதுல இருந்து ஏகனாபுரம் மக்கள் போராடறாங்களே, அதையும் இதையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கக் கூடாது. அது போர், இது நிலம் கையகப்படுத்தல். ஆனா ஓடுதளத்தை மேப்புல கோடா பார்க்கிறவனுக்கும், அந்தக் கோட்டுக்குள்ள கிணறு வெச்சிருக்கறவனுக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.)

உள்நாட்டு விமானம் பலாலியில இருந்து கொழும்புக்கு நடுநடுவே போய்க்கிட்டுதான் இருந்தது. 1998 செப்டம்பர் 29, லயன் ஏரோட அன்டோனோவ்-24 ஒண்ணு பலாலியில கிளம்பி மன்னார் கடலுக்கு மேல காணாம போச்சு. 48 பயணிகள், 7 ஊழியர்கள். பயணிகள் தமிழர்கள். புலிகள் ஏவுகணையால வீழ்த்தினதா விசாரணை சொன்னது. போர் முடிஞ்சு சில வருஷம் கழிச்சுதான் இரணைதீவு பக்கம் கடலடியில உடைசல் கிடைச்சது.

சரி, போர் 2009ல முடிஞ்சது. ஏ9 திறந்தாச்சு. 2014 அக்டோபர்ல யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கே வந்தாச்சு. இப்போ யாழ்ப்பாணத்துல ஒருத்தர் சென்னைக்கு வரணும். எப்படி வருவார்?

ராத்திரி பஸ்ல ஏறி எட்டு மணி நேரம் தெற்கே கட்டுநாயக்கா போகணும். விமான நிலையத்துல மூணு மணி நேரம் முன்னாடி நிக்கணும். அப்புறம் சென்னை விமானம், 643 கி.மீ., ஒண்ணேகால் ஒன்றரை மணி நேரம். இந்தக் கொழும்பு – சென்னை நேர்கோட்டை அதே பத்து வரி நிரல்ல போட்டுப் பார்த்தேன். கட்டுநாயக்கா 79.88 கிழக்கு, சென்னை 80.17 கிழக்கு. பலாலியோட அட்சரேகைக்கு அந்தக் கோடு வரும்போது 80.01 கிழக்குல இருக்கு. பலாலி ஓடுதளத்துல இருந்து ஆறே கிலோமீட்டர்! யாழ்ப்பாணம் டவுனுக்கோ கிட்டத்தட்ட நேர் மேல.

யோசிச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க பஸ்ல கழுத்து சுளுக்கிக்கிட்டு தெற்கே போன மனுஷன், மறுநாள் 30,000 அடியில வடக்கே பறக்கும்போது தன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலயே திரும்பப் போறார். விமானி நேர்கோட்டுல இருந்து கொஞ்சம் அப்படி இப்படி விலகிப் போனாலும் ஜன்னல்ல நல்லூர் தெரியாம போகாது. அந்த அம்மா கொல்லையில காயப்போட்ட துணி மட்டும்தான் தெரியாது.

355 கி.மீ. போக வேண்டிய இடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். வீட்டை விட்டுக் கிளம்பி மீனம்பாக்கத்துல வெளியே வர குறைஞ்சது 14 மணி நேரம். நிஜமான இடப்பெயர்ச்சியை அந்த நேரத்தால வகுத்தா மணிக்கு 25 கி.மீ. கொஞ்சம் வேகமா மிதிக்கிற சைக்கிள். 1947ல டக்கோட்டா கணக்கு 355ஐ ஒன்றரையால வகுத்தா மணிக்கு 236. (அந்த ஒன்றரையில விமான நிலையக் காத்திருப்பு சேரல, நியாயமா அதையும் சேர்த்து நாலு மணி நேரம்னே வெச்சாலும் 89.) இடையில ஜெட் வந்தாச்சு, கம்ப்யூட்டர் வந்தாச்சு, ஜிபிஎஸ் வந்தாச்சு. வேகம் மட்டும் மூணு நாலு மடங்கு குறைஞ்சிருக்கு. அதுவும் இது சமாதான காலத்துக் கணக்கு. போர் நடந்த வருஷங்கள்ல முகமாலை, ஓமந்தை சோதனைச் சாவடிகள்ல நின்ன நேரத்தை எந்த ஃபார்முலாவுல போடறதாம்?

2019 அக்டோபர் 17 அன்னிக்கு பலாலி "யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்"னு புதுப்பேர்ல திறந்தது. சென்னையில இருந்து அலையன்ஸ் ஏர் விமானம் ஒண்ணு அதிகாரிகளோட போய் இறங்கினது. 41 வருஷத்துக்கு அப்புறம்னு பத்திரிகைகள் எழுதினாங்க. டிக்கெட் வாங்கின பயணிகளோட சேவை நவம்பர் 11ல ஆரம்பிச்சது. அடுத்த அஞ்சாவது நாள் அங்கே ஜனாதிபதித் தேர்தல், ஆட்சியே மாறிடுச்சு. இருந்தும் விமானம் நிக்கல. நிறுத்தினது வேற ஆள்: 2020 மார்ச், கொரோனா. நாலு மாசம் பறந்த ரூட் மறுபடி இரண்டே முக்கால் வருஷம் படுத்துடுச்சு. 2022 டிசம்பர் 12ல திரும்ப எழுந்தது. 2024 செப்டம்பர் 1ல இண்டிகோவும் சென்னையில இருந்து ஆரம்பிச்சாங்க. 2025 மார்ச் 30ல திருச்சியில இருந்தும்.

ரெண்டு கம்பெனியும் விட்டது ஏடிஆர் 72 தான். எழுபது சொச்சம் பேர் உட்கார்ற புரொப்பெல்லர் விமானம். பலாலிக்கு இப்போதைக்கு அந்த சைஸ்தான். மணிக்கு 500 கி.மீ. போகும். நேரா வகுத்தா 43 நிமிஷம். ஆனா டைம்டேபிள்ல ஒண்ணேகால் மணி நேரம்னு இருக்கும். ஏன்னு பல பேர் கேக்கறாங்க. விமானக் கம்பெனி சொல்ற நேரம் பறக்கற நேரம் இல்ல. கதவு மூடி சக்கரம் நகர்றதுல இருந்து, போய்ச் சேர்ந்து சக்கரம் நிக்கற வரைக்கும். மீனம்பாக்கத்துல வரிசையில நின்னு உருள்றது, மேல ஏறும்போது முழு வேகம் இல்லாதது, இறங்கறதுக்கு வளைஞ்சு வர்றது, மழை மாசத்துல மேகத்தைச் சுத்திப் போறது, இதுக்கு மேல தாமதம் ஆகாம காட்டிக்க கொஞ்சம் மார்ஜின். எல்லாம் சேர்ந்து 43, 75 ஆகிடும். சின்ன ரூட்டுல இந்த ஓவர்ஹெட்தான் பெரும்பங்கு. நம்ம ஆபீஸ்ல பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் மீட்டிங் மாதிரி. ;-)

அதனாலதான் 1947 டக்கோட்டாவுக்கு ஒன்றரை மணி, இன்னிக்கு ஏடிஆருக்கு ஒண்ணேகால் மணி. எழுபத்தஞ்சு வருஷ விமானத் தொழில்நுட்பம் இந்த ரூட்டுல மிச்சம் பிடிச்சது கால் மணி நேரம்!

திருச்சி கணக்கு இன்னும் தமாஷ். திருச்சி – பலாலி 184 கி.மீ. தான். ஏடிஆர் வேகத்துக்கு 22 நிமிஷம். சீட் பெல்ட் போட்டு, ஏறி, இறங்கி, கழட்டற நேரம். கடல் வழியா நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14ல ஆரம்பிச்சு சில நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட் 16ல மறுபடி ஓடினது. அது 110 கி.மீ., நாலு மணி நேரம் அளவு. டெல்டா பக்கத்து ஆளுக்கு எது வசதின்னு அவரவர் பர்ஸும் வயிறும் முடிவு பண்ணிக்கட்டும்.

நம்ம பேட்டைக்காரங்களுக்கு ஒரு குறிப்பு: ஒரகடத்துல இருந்து மீனம்பாக்கம் முப்பது சொச்சம் கி.மீ. சாயங்காலம் ஷிஃப்ட் விடற நேரத்துல வாலாஜாபாத் ரோட்டுல கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாடி மாட்டினா அதுக்கே ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். பாஸ்போர்ட் மறக்காதீங்க, விசா நிபந்தனை அப்பப்ப மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க. உட்காரும்போது வலதுபக்க ஜன்னல் கேளுங்க. தெற்கே போகும்போது அந்தப் பக்கம்தான் தமிழ்நாட்டுக் கரை. வானம் தெளிவா இருந்தா கோடியக்கரை மூக்கு தெரியும். அது கண்ணை விட்டு மறையறதுக்குள்ள இறங்கப் போறோம்னு அறிவிப்பு வந்துடும்.